நாற்பத்தொன்றாம் ஒலிப்பதிவின் மௌனம்

சங்குமேட்டில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் பதினாறாம் நாளில் முத்தையா அண்ணாவியாருடைய கீர்த்தனை ஒன்றின் ஒலிப்பதிவை ஒதுக்கித் தருவது நகராட்சியின் வேலை. அன்று முதல் அந்தக் குழந்தை தூங்கும்போதெல்லாம் அந்தப் பதிவின்படிதான் மூச்சு விடும். பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தில் குழந்தையும் வாங்கும். அவர் இழுத்து நிறுத்துகிற இடத்தில் குழந்தை மெல்ல மெல்ல விடும். கீர்த்தனை முடிந்ததும் மறுபடி பல்லவியிலிருந்து ஆரம்பம். விழித்திருக்கும் நேரத்தில் மூச்சு அவரவர் இஷ்டம். ஆனாலும் பதிவின் குணம் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும்.

அண்ணாவியார் செய்தவை அறுபத்து நான்கு கீர்த்தனைகள். எல்லாமே காற்றைப் பற்றியவை. வடக்கிலிருந்து வரும் வாடைக்குப் பதினாறு, கிழக்கே கொண்டலுக்குப் பதினாறு, தெற்கே சோழகத்துக்குப் பதினாறு, மேற்கே கச்சானுக்குப் பதினாறு. கீர்த்தனைகள் அவ்வளவுதான் என்றாலும் அவற்றைப் பாடாத வித்வான் கிடையாது, பாடியதைப் பதிவு செய்யாத காலமும் கிடையாது. இசைத்தட்டு, வானொலி நாடா, கேசட், கல்யாணப் பந்தலில் யாரோ மடியில் மறைத்து வைத்து எடுத்தது என்று நகராட்சி ஒலிப்பதிவுப் பிரிவின் அலமாரிகளில் இடமில்லாமல் கிடந்தன. ஊரில் யாருக்கும் பற்றாக்குறை வந்ததில்லை.

தையல்கடை சாகுலுக்குப் பந்தலில் எடுத்த பதிவு. அதில் பாடகருக்குப் பக்கத்திலேயே ஒரு மேசை விசிறி ஓடிக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலிலும் சாகுலுக்கு வியர்க்காது. பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியாருக்குக் கிடைத்த கேசட்டில் மறுபக்கத்துப் பாட்டு தலைகீழாக லேசாகக் கசியும். அசந்துபோன நாட்களில் அவர் வீட்டுக்குப் பின்னோக்கியே நடந்து போவார். தெருவில் வருகிறவர்கள் ஓரமாக நின்று வழிவிடுவார்கள்.

ஜெனோவாவுக்கு ஒலிப்பதிவு கிடையாது. அவள் வேறு ஊர். கன்னியர் மடத்து விடுதியில் வளர்ந்து, படித்து, தார்சியுசைக் கட்டிக்கொண்டு சங்குமேட்டுக்கு வந்தவள். நகராட்சிப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ‘சொந்த மூச்சு, தற்காலிகம்’ என்று எழுதியிருந்தார்கள். தார்சியுசுக்கு வயலின் பதிவு. அதில் சாகித்யம் இல்லை. ஆகவே முக்கியமான நேரங்களில் அவனுக்குப் பேச்சு வராது. ம்ம் என்பான். அந்த ம்ம்மில் சுருதி மட்டும் பிசகாது. பெண் பார்க்க வந்த அன்றும் ம்ம் என்றுதான் சொன்னான். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று.

அவர்களுக்கு நித்திலா பிறந்தாள். பதினாறாம் நாள் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஜெனோவா ஒலிப்பதிவுப் பிரிவுக்குப் போனாள்.

அங்கே கண்காணிப்பாளர் கோமதிநாயகம். அவருடையது பழைய இசைத்தட்டு. மூன்று நிமிடம் இருபது விநாடியில் ஒரு பக்கம் முடிந்துவிடும். அந்த நேரம் வந்ததும் பேசிக்கொண்டிருக்கிற வார்த்தையைப் பாதியில் விட்டு, எழுந்து, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, மீதி வார்த்தையைச் சொல்லுவார். வருகிறவர்கள் முகம் பார்த்துப் பேச வசதியாகச் சுவரோரமும் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள்.

“உக்காருங்கம்மா. பிள்ளைக்கு நாப்பத்தொண்ணாம் நம்பர்” என்றார். “குறிப்பிடத்தக்க ஒலிப்பதிவுகள்னு தனியா ஒரு பதிவேடு இருக்கு. அதுல மூணு நட்சத்திரம் போட்டது இது ஒண்ணுதான். ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்து நாலு. வானொலியில செண்பகவல்லி அம்மா பாடினது. ‘கச்சானே கொஞ்சம் நில்.’ பதினோரு நிமிஷம் நாப்பது செகண்டு.”

“நல்லதுங்களா சார்?”

“நல்லதுங்களாவா? தாயே, இத ஒதுக்கலாமான்னு நானே மூணு ராத்திரி தூங்காம யோசிச்சிருக்கேன். ஆரம்பத்துல தகரக் கூரைமேல மழை பெய்யிற சத்தம் கேக்கும். அந்த மழையில இருந்து அந்த அம்மா குரல் எந்திரிச்சு வரும் பாருங்க. முன்னாடி இது சங்கு குளிக்கிற சூசை மரியான் கிட்ட இருந்திச்சு. அவரு போய்ச் சேர்ந்த பிறகு ரெண்டு வருஷமா யாருக்கும் குடுக்கலை. உங்க பிள்ளை கொடுத்து வச்சது.”

ஜெனோவா கையெழுத்துப் போட்டாள். கோமதிநாயகம் நித்திலாவின் காதில் ஒலிபெருக்கிக் குழலை ஒருமுறை வைத்து எடுத்தார். குழந்தை கொட்டாவி விட்டது. அன்றிலிருந்து அதன் உள்ளங்கால்கள் எப்போதும் மழையில் நடந்து வந்ததுபோல லேசாக ஈரமாக இருந்தன.

மூன்றாம் நாள் மத்தியானம் ஜெனோவா அதைக் கண்டுபிடித்தாள். தொட்டிலில் குழந்தை அழகாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பல்லவி, மறுபடி பல்லவி, அனுபல்லவி. அனுபல்லவி முடிந்த இடத்தில் நெஞ்சு அப்படியே நின்றுவிட்டது. அவள் விரலை மூக்கடியில் வைத்தாள். ஒன்றுமில்லை. கூப்பிட வாய் வரவில்லை. மடத்து விடுதியில் மௌன நேரம் என்று மத்தியானத்தில் ஒரு மணி நேரம் உண்டு. பேசினால் முட்டி போட வேண்டும். அந்த நேரத்தைத் தள்ள அவள் மனசுக்குள் எண்ணுவாள். இப்போதும் அதைத்தான் செய்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பதில் குழந்தை மூச்சு வாங்கியது. சரணம் ஆரம்பித்தது.

பதினோரு நிமிடம் நாற்பது விநாடி கழித்து மறுபடியும் அதே இடம். மறுபடியும் ஒன்பது.

அதன்பிறகு ஜெனோவா எந்த வேலையையும் முழுசாகச் செய்ததில்லை. ஒரு தட்டைக் கழுவிவிட்டு ஓடி வருவாள். பாதி வெங்காயம் நறுக்கிவிட்டு ஓடி வருவாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்து, ஒரு விரலைக் குழந்தையின் மூக்கடியில் வைத்து, ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணி, திரும்பிப் போய் மீதி வெங்காயத்தை நறுக்குவாள்.

டாக்டர் எஸ்தர் குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர் கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது.

“ஆகா” என்றார். “அனுபல்லவியில ஒரு பிடி பிடிச்சாங்க பாருங்க. உடம்பு சிலிர்க்குது.”

“அதுக்கு அடுத்த இடம் டாக்டர்.”

“கேட்டேன். ஒன்பது செகண்டு. அது பதிவுல உள்ளதும்மா, மருந்துல போகாது. ஒன்பது தாங்கும். கவலைப்படாதீங்க. இருபதுன்னா எங்கிட்ட கொண்டு வாங்க.”

“அதுக்கும் மேல போனா?”

டாக்டர் குழாயைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். “அதுக்கும் மேல போனா எங்கிட்ட கொண்டு வந்து பிரயோசனம் இல்லை” என்று உள்ளதைச் சொன்னார்.

ஒன்பது தாங்கும் என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஜெனோவா நாலு மாதம் ஓட்டினாள். ஐந்தாம் மாதம் ஒரு காலையில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருவில் போனார்கள். அண்ணாவியாரின் இருநூறாவது நினைவு ஆண்டு. வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நகராட்சி மண்டபத்தில் மௌன அஞ்சலி. மிகச் சிறந்த ஒலிப்பதிவான நாற்பத்தொன்றில் ஒரு முழு நிமிட மௌனம் பதிவு செய்யப்படும். பொதுமக்கள் திரளாக வந்து அமைதி காக்கவும்.

ஜெனோவா அடுப்பை அணைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒலிப்பதிவுப் பிரிவுக்கு ஓடினாள்.

“அந்த ஒன்பது செகண்டு எப்படி வந்திச்சு சார்?”

கோமதிநாயகம் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். எண்பத்தேழில் அண்ணாவியார் நினைவு நாள். ஊழியர்கள் எல்லாரும் அவருடைய மிகச் சிறந்த பதிவைச் சுற்றி நின்று அஞ்சலி செலுத்தினார்கள். நாடா ஓடிக்கொண்டிருந்தது. மரியாதையாக நிற்க வேண்டுமே என்று ஒருவர் இயந்திரத்தின்மேல் கையை ஊன்றினார். ஊன்றின இடம் பதிவு செய்கிற சிவப்புப் பொத்தான். ஒன்பதாவது விநாடியில் டீ வந்துவிட்டதால் அஞ்சலி முடிந்தது. பிறகு போட்டுக் கேட்டபோது பாட்டின் நடுவே மௌனம் இருந்தது. செண்பகவல்லி அம்மா அந்த இடத்தில் என்ன பாடினார் என்று அதற்குப் பிறகு ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

“தப்புத்தானே சார் அது?”

“தப்புன்னுதான் முதல்ல நினைச்சோம். கேக்கக் கேக்க, ரொம்ப நல்ல மௌனம்மா அது. மூணாவது நட்சத்திரம் அதுக்காகத்தான் போட்டது. சூசை மரியானுக்கும் ஆதாயமா இருந்திச்சு. ஒவ்வொரு முங்குக்கும் ஒன்பது செகண்டு கூடுதலா கடலுக்குள்ள கிடப்பாரு. இப்ப இருநூறாவது வருஷம் பாருங்க. ஒன்பது செகண்டு அண்ணாவியாருக்குப் போதாதுன்னு மன்றத்துல ஒரு மனதா தீர்மா...”

எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். ஜெனோவா சுவரோர பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள்.

“...னம் போட்டாங்க” என்றார்.

“என் பிள்ளை ஒரு நிமிஷம் மூச்சு விடாம இருக்குமா சார்?”

கோமதிநாயகம் குழந்தையைப் பார்த்தார். குழந்தை அவருடைய பேனாவைப் பார்த்தது. “இருக்காது” என்றார். அவர் நல்ல மனிதர். அவருக்கும் முகம் வாடிப்போயிற்று.

“வேற பதிவு குடுத்திருங்க.”

“ஒதுக்கினது ஒதுக்கினதுதாம்மா.”

“அந்த மௌனத்தையாவது வேற பதிவுல வைங்க. சுமாரான பதிவு எத்தனை கிடக்கு.”

“சுமாரான பதிவுல மௌனம் வச்சா அண்ணாவியாரை அவமதிச்ச மாதிரி ஆயிரும்.” பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். “ஒரே ஒரு வழி இருக்கு. உரிய வயசு வந்த ஒருத்தர், தன்னோட பதிவுல அந்த ஒரு நிமிஷத்தை நான் வாங்கிக்கிடுதேன்னு எழுதித் தரணும். பெரிய ஆளுன்னா திணறினாலும் பிழைச்சுக்கிடுவாங்க. ஆனா அவங்க மௌனத்துக்குத் தகுதியான ஆளான்னு நாங்க சோதிச்சுப் பார்ப்போம்.”

“நான் வாங்கிக்கிடுதேன்.”

“உங்களுக்குப் பதிவே இல்லையேம்மா” என்றார் கோமதிநாயகம்.

தார்சியுஸ் தானே வாங்கிக்கொள்வதாக ம்ம் என்றான். ஆனால் அவனுடையது வாத்தியப் பதிவு. சொல்லே இல்லாதவன் மௌனத்தை வாங்கிக்கொள்வதில் என்ன பெருமை என்று பிரிவில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று அவன் வீட்டுக்கு வந்து தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றான்.

அடுத்த வீட்டுப் பாக்கியம் அக்கா விஷயத்தைக் கேட்டுக் கையை உதறிக்கொண்டு வந்தாள். அவளுக்குத் திருவிழா மைதானத்தில் எடுத்த பதிவு. பாட்டைவிடக் கூட்டத்துச் சத்தம்தான் அதில் ஜாஸ்தி. கடலைக்காரன் கூவுவான், குழந்தை அழும், பதினான்காவது விநாடியில் யாரோ ஒரு அம்மாள் ‘மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைங்கப்பா’ என்பாள். பாக்கியம் அக்காவும் சும்மா இருக்க நேர்ந்தால் சரியாகப் பதினான்காவது விநாடியில் அதைச் சொல்லுவாள். சொன்னது அவளுக்கே தெரியாது.

“ஏட்டி, இதுக்குப் போயா அழுத? அந்த ஒரு நிமிசத்த எனக்குக் குடுக்கச் சொல்லு. ஆஸ்பத்திரியில நாலு பிள்ளை பெத்தேன். ஒரு தடவை கத்தியிருப்பேனா?”

“கத்துனீங்கன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரே எக்கா.”

“அவரு வெளிய நின்னாரு, அவருக்கு என்ன தெரியும்? கத்தினது பக்கத்துக் கட்டில்காரி. வா, போவோம்.”

புதன்கிழமை சோதனை. கோமதிநாயகம் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். பாக்கியம் அக்கா உதட்டை இறுக்கி, கையைக் கட்டி, கண்ணை முழித்துக்கொண்டு நின்றாள். ஜெனோவா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஐந்து. எட்டு. பத்து. பாக்கியம் அக்காவின் நெற்றியில் வியர்வை கோத்தது. பதின்மூன்று.

“மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைங்கப்பா” என்றாள்.

“அவ்வளவுதாம்மா” என்று கோமதிநாயகம் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

“ஏன், என்னாச்சு? நான் வாயே திறக்கலையே. ஜெனோவா, நீ சொல்லு, நான் வாயத் திறந்தேனா?”

“இல்லக்கா” என்றாள் ஜெனோவா. அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் படியிறங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் அண்ணாவியாரின் படம். அதற்குப் போட்ட மாலையைவிடப் பெரிய மாலை பக்கத்தில் இருந்த ஒலிப்பதிவு இயந்திரத்துக்கு. இயந்திரத்துக்கு முன்னால் ஒரு மைக். பதிவுக்கு உரியவர் முதல் வரிசையில் இருக்க வேண்டும் என்பது முறை. ஆகவே நித்திலாவை மடியில் வைத்துக்கொண்டு ஜெனோவாவும், இடப்பக்கம் தார்சியுசும், வலப்பக்கம் பாக்கியம் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். நகராட்சித் தலைவர், ஒரு மகானைப் பற்றிப் பேசாமல் இருப்பதே அவரைப் பற்றிப் பேசுவதில் சிறந்தது என்று இருபது நிமிடம் பேசினார்.

ஜெனோவா காலையிலிருந்து குழந்தையைத் தூங்கவிடவில்லை. உள்ளங்காலைக் கிச்சுக்கிச்சு மூட்டினாள். சாவிக்கொத்தை ஆட்டினாள். முடிந்தமட்டும் தள்ளிப் பார்ப்போமே என்றுதான். இன்றைக்குத் தூங்காவிட்டால் நாளைக்கு, நாளைக்குத் தூங்காவிட்டால் மறுநாள், என்றைக்காவது தூங்கித்தானே ஆக வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். இயந்திரம் சுழன்றது. தகரக் கூரைமேல் மழை பெய்தது. மழையிலிருந்து செண்பகவல்லி அம்மாவின் குரல் எழுந்து வந்தது. தன் பதிவைக் கேட்டால் தூங்காத குழந்தை சங்குமேட்டில் இல்லை. நித்திலா சாவிக்கொத்தைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள்.

பல்லவி. மறுபடி பல்லவி. அனுபல்லவியில் அந்தப் பிடி வந்தபோது பின்வரிசையில் டாக்டர் எஸ்தர் ஆகா என்றது கேட்டது. அனுபல்லவி முடிந்தது. கோமதிநாயகம் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

குழந்தையின் நெஞ்சு நின்றது.

ஜெனோவா எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மண்டபத்தில் அவ்வளவு பேர் இருந்தும் ஒரு செருப்பு உரசவில்லை. நான்கு, ஐந்து. கன்னியர் மடத்துப் பாடகர் குழுவில் அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். உனக்குச் சுருதி நிற்காது, வாயை மட்டும் அசை என்று சிஸ்டர் அகஸ்டினா சொல்லியிருந்தார். ஆறு, ஏழு. பன்னிரண்டு வருஷம் வாயை மட்டும் அசைத்தாள். எட்டு, ஒன்பது.

ஒன்பதில் வர வேண்டிய மூச்சு வரவில்லை.

“பத்து” என்றாள்.

மனசுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தாள். சத்தமாகவே வந்துவிட்டது. நித்திலா ஒரு சிறு மூச்சு வாங்கினாள்.

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவ்வளவு கண்களைக் கண்டதும் ஜெனோவாவின் குரல் தொண்டைக்குள் போய் ஒளிந்துகொண்டது. பதினொன்று வெறும் காற்றாக வந்தது. பன்னிரண்டும் அப்படியே. மைக் மேடையில் எங்கோ இருந்தது. குழந்தையின் உதட்டோரம் நிறம் மாறியது. பதின்மூன்று என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

“மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைங்கப்பா” என்றாள் பாக்கியம் அக்கா.

மேடையோரம் நின்ற உதவியாளர் பணிவானவர். பொதுமக்கள் கேட்டுக்கொண்டபடி மைக்கைத் தூக்கி, படியிறங்கி வந்து, ஜெனோவாவின் வாய்க்கு நேரே வைத்துவிட்டு ஓசையில்லாமல் தன் இடத்துக்குத் திரும்பிப்போய் அஞ்சலியைத் தொடர்ந்தார்.

இடப்பக்கத்திலிருந்து தார்சியுஸ் ம்ம்ம் என்றான். தம்பூராபோல ஒரே சீராக, விடாமல். ஜெனோவா அந்த ம்ம்மைப் பிடித்துக்கொண்டாள். கிணற்றில் இறங்குகிறவள் கயிற்றைப் பிடித்துக்கொள்கிற மாதிரி.

“பதினைந்து” என்று பாடினாள்.

நித்திலா மூச்சு வாங்கினாள். பதினாறுக்கு விட்டாள். பதினேழுக்கு வாங்கினாள். ஜெனோவாவுக்குக் கமகம் தெரியாது. மடத்தில் ஜெபமாலை சொல்லுகிற இழுவையில், ஒவ்வொரு எண்ணையும் நேராக, கோடு போட்டதுபோலப் பாடினாள். இருபதில் பயம் கொஞ்சம் இறங்கியது. இருபத்தைந்தில் குழந்தையின் உதடு சிவந்தது. முப்பத்தேழில் குரல் சறுக்கி ஒரு படி கீழே விழுந்து எழுந்தது. தார்சியுஸ் விடாமல் நின்றான். நாற்பதுக்கு மேல் செண்பகவல்லி அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பதுபோல அவளுக்குப் பட்டது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது.

கோமதிநாயகம் பொத்தானை விட்டார். சரணம் வந்தது. குழந்தை சரணத்தின் கையில் மூச்சை ஒப்படைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

மௌனத்துக்குக் கைதட்டும் வழக்கம் சங்குமேட்டில் இல்லை. ஆகவே யாரும் தட்டவில்லை. வரிசையாக வந்து கைகூப்பிவிட்டுக் கலைந்து போனார்கள். தையல்கடை சாகுல் மட்டும், அஞ்சலி நன்றாக இருந்தது தங்கச்சி, நாற்பத்தாறில் கண் கலங்கிப்போயிற்று என்றார்.

நகராட்சித் தலைவர் கோமதிநாயகத்தைத் தனியாகக் கூப்பிட்டார். “இது மௌனம்தானா?”

“பதிவானது பதிவானதுதான் ஐயா. மன்றத் தீர்மானத்துல ஒரு நிமிஷம்னு இருக்கு. கடிகாரப்படி ஒரு நிமிஷம் ஆயிருச்சு. எதனால ஆன நிமிஷம்னு தீர்மானத்துல சொல்ல...” அவர் முழுதாகத் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். “...லை” என்றார். தலைவரும் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், சரி என்றார்.

பதிவேட்டில் கோமதிநாயகம் தன் கையாலேயே எழுதினார்: நாற்பத்தொன்றாம் எண். மௌனம் அறுபது விநாடி. இதில் பெரும்பகுதி எண்ணிக்கையால் ஆனது. குரல்: ஜெனோவா தார்சியுஸ். சொந்த மூச்சு. நகராட்சிப் பதிவேட்டை எடுத்து, அவள் பெயருக்கு நேரே இருந்த ‘தற்காலிகம்’ என்ற சொல்லின்மேல் பேனாவை ஒருமுறை ஓட்டினார். பிறகு நாற்பத்தொன்றுக்கு நான்காவது நட்சத்திரம் ஒன்றை வரைந்தார். மூன்று நட்சத்திரங்களுக்கு மட்டுமே கட்டம் இருந்ததால் அது பக்கத்து வரிசையில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு நித்திலா அந்த இடத்தில் எண்களோடு மூச்சு விட்டாள். முப்பத்தேழு வரும்போது தூக்கத்தில் சிரித்தாள். ஜெனோவா முழு வெங்காயத்தை ஒரே மூச்சில் நறுக்கப் பழகிக்கொண்டிருந்தாள். ஆனாலும் தொடக்கத்து ஒன்பது விநாடி அப்படியேதான் இருந்தது. அது வரும்போது மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வருவாள்.

இருபது நாள் கழித்துத் தபால்காரர் ஒரு பழுப்பு உறை கொண்டுவந்தார். வானொலி நிலையத்திலிருந்து. தேதி மார்ச் ஐந்து, ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்து நான்கு. தட்டச்சு செய்திருந்தார்கள்.

‘அம்மையீர், வருகிற மார்ச் பன்னிரண்டு வியாழக்கிழமை நடைபெறும் ஒலிப்பதிவில் தங்கள் பகுதியில் ஒன்று முதல் ஒன்பது வரை காணப்படவில்லை. பதினொன்று முதல் பதின்மூன்று வரை தெளிவாக இல்லை. பதினான்கில் வேறொரு பெண்மணி பேசுகிறார். அது நன்றாக இருப்பதால் அப்படியே விடப்படுகிறது. விடுபட்டவற்றைத் தாங்கள் நேரில் வந்து பாடித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். திருமதி செண்பகவல்லி அவர்கள் அனுபல்லவி முடிந்த இடத்தில் மூச்சைப் பிடித்தபடி காத்திருப்பார். ஆகவே தாமதிக்க வேண்டாம். கண்ணாடி வளையல் அணிந்து வர வேண்டாம். கைக்குழந்தை இருந்தால் அழைத்து வரலாம்.’

ஜெனோவா இரண்டு முறை படித்தாள். வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். பால்புட்டி, இரண்டு மாற்றுத் துணி, குழந்தையின் குல்லாய் எல்லாவற்றையும் பையில் போட்டாள்.

பாக்கியம் அக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். “அறுபத்து நாலுக்கா போற? குடை எடுத்துக்கோட்டி. அங்க மழைல்லா.”

“எடுத்துட்டேன்க்கா. நீங்க பேசினது நல்லா இருக்காம். எழுதியிருக்காங்க.”

“நான் எப்போ பேசினேன்?” என்றாள் பாக்கியம் அக்கா.

தார்சியுஸ் பேருந்து நிலையம் வரை வந்தான். “சாப்பாட்டுக்கு வந்துருவியா?” என்று கேட்டான். முக்கியமான நேரத்தில் அவன் ஒரு முழு வாக்கியம் பேசி அவள் கேட்டது அன்றுதான். ஜெனோவா ம்ம் என்றாள்.

“அறுபத்து நாலாம் வருஷம் போகுமா?” என்று பேருந்துப் படியில் நின்று கேட்டாள்.

“போகும், ஏறுங்க” என்றார் நடத்துநர். “குழந்தையை வச்சிருக்கீங்க, முன்னால உக்காருங்க. எழுபத்தொண்ணுல அஞ்சு நிமிஷம் டீக்கு நிப்போம்.”

வண்டி கிளம்பியது. ஜன்னலோரம் கச்சான் அடித்தது. நித்திலா மடியில் தூங்கிப்போனாள். வெகு தூரம் போன பிறகு, அனுபல்லவி முடிந்து அந்த இடம் வந்தது. ஜெனோவா குழந்தையின் ஈரமான உள்ளங்காலைக் கைக்குள் பொத்திக்கொண்டு, பாடிப் பார்ப்போமே என்று மெதுவாக ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நித்திலா வாங்கினாள், விட்டாள், வாங்கினாள். ஒன்பது என்று முடித்தபோது வண்டி எழுபத்தொன்றில் டீக்கு நின்றது.